வெள்ளிமலையில் மனநல ஆலோசனை மையம் திறந்தால் யார் வருவார்கள்? 'ரெஃபரல்' தொடர்பை உருவாக்குவது எப்படி? முழு விளக்கம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலோ, மலை மேலே வெள்ளிமலையிலோ ஒருவர் சொந்தமாக மனநல ஆலோசனை மையம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இருக்கிறது, பதிவு இருக்கிறது, வாசலில் போர்டும் இருக்கிறது. ஆனால் யார் வருவார்கள்?

'கவுன்சிலர்' என்று எழுதி வைத்தால் வார்டு கவுன்சிலர் என்று நினைத்து ரோடு, தண்ணீர் பிரச்னையோடு யாராவது வரலாம். 'மனநலம்' என்று எழுதினால், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தெருவைக் கடந்து போய்விடுவார்கள். சென்னை, கோவையில் கூகுளில் தேடித் தெரபிஸ்டைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. மலை ஊர்களில் பக்கத்து வீட்டு அக்காவோ, நர்ஸம்மாவோ சொன்னால்தான் போவார்கள்.

ஒருவர் சொல்லி, அவர் கைகாட்டிய இடத்துக்கு இன்னொருவர் போய்ச் சேருவதைத்தான் மருத்துவத் துறையில் 'ரெஃபரல்' என்கிறார்கள். தனியார் தெரபிஸ்டுகளுக்கு இது தொழில் வளர்க்கும் வழி. கல்வராயன் மலை போன்ற இடத்தில், கஷ்டத்தில் இருக்கும் ஒருவர் உதவி கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்வாரா, மாட்டாரா என்பதே இதை வைத்துத்தான் முடிவாகிறது.

வெள்ளிமலையில் என்ன சிக்கல்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலைப்பகுதியின் நிர்வாகத் தலைமையிடம் இதுதான். இங்கு பெரும்பான்மையாக வாழ்வது 'மலையாளி' பழங்குடியினர். கேரள மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.

ஊர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பஸ் வசதி குறைவு. ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய் வந்தால் அன்றைய கூலி போச்சு. இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது.

காய்ச்சல் என்றால் எப்படியாவது இறங்கி வந்துவிடுவார்கள். 'மனசு சரியில்லை' என்பதற்காக யார் மலை இறங்கி வருவார்கள்? வந்தாலும் எங்கே போவது, யாரைப் பார்ப்பது?

இது மலைக்கு மட்டுமான பிரச்னையும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் தலைமையில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் தேசிய மனநல ஆய்வு நடந்தது. பெரியவர்களில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. பிரச்னையின் வகையைப் பொறுத்து, சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 சதவீதம். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75தான். பெரும்பாலானவர்கள் சரியான இடத்துக்கு வந்து சேரவே இல்லை என்பதுதான் இந்த எண்கள் சொல்லும் செய்தி.

2024 ஜூன் காட்டியது என்ன?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் பாதிக்கப்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. வழக்கு பிறகு சிபிஐ-க்குப் போனது.

கேமராக்கள் கிளம்பிய பிறகு, அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

* மெத்தனால் கண் நரம்பைப் பாதிக்கும். பிழைத்தவருக்குப் பார்வை குறைந்திருந்தால் கண் மருத்துவர் வேண்டும். பாதிப்பு அதிகம் என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும்.
* அவருக்குக் குடிப்பழக்கம் இன்னும் இருந்தால் குடிநோய் சிகிச்சை வேண்டும்.
* கணவரை இழந்த பெண்ணுக்குத் துக்கத்திலிருந்து மீள உதவி வேண்டும். கூடவே உதவித்தொகை, வேலை, கடன் என்று பத்து அலுவலகங்களுக்கு வழிகாட்ட ஒருவர் வேண்டும்.
* பெற்றோரை இழந்த பிள்ளையைப் பள்ளியில் கவனிக்க ஆசிரியர் வேண்டும்.

இவ்வளவையும் ஒரே தெரபிஸ்ட் செய்ய முடியுமா? வாய்ப்பே இல்லை. அவரால் முடிவது ஒரு பங்குதான். மீதிப் பங்குகளுக்கு யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரைக் கூப்பிடலாம் என்று மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரெஃபரல் தொடர்பு என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

முதலில் கவனிப்பது யார்?

மனக்கஷ்டத்தில் இருப்பவர் நேராகத் தெரபிஸ்டிடம் வருவது அபூர்வம். அதற்கு முன்பே அவரைப் பல பேர் பார்த்திருப்பார்கள். கல்வராயன் மலை மாதிரி ஒரு இடத்தில் அவர்கள் யார்?

கிராம சுகாதார செவிலியரும் ஆஷா பணியாளரும்: குழந்தை பெற்ற பெண் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை முதலில் கவனிப்பது இவர்கள்தான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களும் இந்த வரிசையில் வருவார்கள்.

உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர், விடுதிக் காப்பாளர்: மலையில் பல பிள்ளைகள் படிப்பது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில். ராத்திரி தூங்காத பிள்ளை யார், லீவு முடிந்து திரும்பி வராத பிள்ளை யார் என்று இவர்களுக்குத்தான் தெரியும்.

மருந்துக்கடைக்காரர்: 'தூக்க மாத்திரை கொடுங்க' என்று அடிக்கடி வருபவரை அவருக்குத் தெரியும்.

பொது மருத்துவர்: தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் வலி என்று வருபவருக்கு ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் வலி போகாது. இவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது மனநல உதவி.

பூசாரியும் ஊர்ப் பெரியவரும்: 'காத்து கருப்பு' என்று முதலில் போவது இங்கேதான். இவர்களைத் திட்டி ஒதுக்கினால் மக்கள் வருவது நிற்காது, நமக்குத் தகவல் வருவதுதான் நின்றுபோகும்.

இதற்கு வலிமிகுந்த உதாரணம் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். கட்டி வைக்கும் காப்பகங்கள் அதன்பிறகு மூடப்பட்டன. ஆனால் தர்காவை நம்பி வரும் மக்களை யாரும் தடுக்கவில்லை. பின்னாளில் அதே தர்கா வளாகத்தில் பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்கிற மாதிரி 'தவா-துவா' திட்டத்தை அரசு கொண்டுவந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. நம்பிக்கை இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போய் உட்கார்ந்தது.

யாரை எங்கே அனுப்பணும்?

ரெஃபரல் என்றாலே 'எனக்கு ஆள் அனுப்புங்க' என்று கேட்பது மட்டும்தான் எனப் பலர் நினைக்கிறார்கள். தன்னால் முடியாததை வேறு இடத்துக்கு அனுப்புவதும் அதே அளவு முக்கியம். அதில் தவறினால் உயிரே போகலாம். நான்கு நிலைமைகளைப் பார்க்கலாம்.

ஒன்று, குடியைத் திடீரென நிறுத்தியவர். பல வருடமாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம். இரண்டு மூன்று நாளில் நிலைமை மோசமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். 'மனசைத் திடப்படுத்திக்கோங்க' என்று பேசிக்கொண்டிருக்கும் நேரமில்லை இது. உடனே மருத்துவமனைக்குப் போகணும். ஆலோசனை அதற்குப் பிறகுதான்.

இரண்டு, பிரசவமான பெண். குழந்தை பிறந்த முதல் சில வாரங்களில் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பார்த்தே பயந்தால் அது அவசர நிலை. மனநல மருத்துவர் உடனே பார்க்க வேண்டும்.

மூன்று, உடல் நோய் மன நோய் மாதிரி தெரிவது. தைராய்டு குறைவு, ரத்தசோகை இரண்டுமே ஒருவரைச் சோர்ந்து, எதிலும் ஈடுபாடில்லாதவராக மாற்றும். சில வகை வலிப்பு 'சாமி வந்தது' மாதிரியே தெரியும். முதலில் பரிசோதனை செய்யாமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தால் பணமும் நேரமும் வீண்.

நான்கு, உயிரை விட நினைப்பவர். இவரைத் தனியாக விடக்கூடாது. 'கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டாக்டர் இருக்கார், போய்ப் பாருங்க' என்று சீட்டு கொடுத்து அனுப்புவது ரெஃபரல் ஆகாது. கூட ஒரு ஆள் போகணும். போய்ச் சேர்ந்தாரா என்று போனில் கேட்கணும்.

இங்கே இன்னொரு தடையும் இருக்கிறது. 'போலீஸ் கேஸ் ஆயிடுமோ' என்று தற்கொலை முயற்சியைக் குடும்பங்கள் மறைப்பது உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 309-வது பிரிவு மாதிரி தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கும் பிரிவே இல்லை. மருத்துவமனைக்கு அழைத்து வர யாரும் பயப்பட வேண்டியதில்லை.

தெரபிஸ்ட் மாத்திரை எழுத முடியாது. அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டமும் செயல்படுகிறது. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளி சிகிச்சை இலவசம். ஆகவே கள்ளக்குறிச்சியில் தனியாகத் தொழில் செய்யும் எந்தத் தெரபிஸ்டுக்கும் முதல் கூட்டாளி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான். 'கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் என் கிளையன்ட் போயிடுவாரே' என்று நினைப்பவர் இந்த ஊரில் நிலைக்க முடியாது. மாத்திரை அங்கே, பேச்சு சிகிச்சை இங்கே என்று இரண்டும் சேர்ந்து நடக்கலாம்.

பக்கத்து மலை சொல்லும் வழி

'மலை ஊரில் இதெல்லாம் நடக்குமா?' என்று கேட்டால் தொலைவில் போக வேண்டாம். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறது சிட்லிங்கி பள்ளத்தாக்கு. 1993-ல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். இன்று அது 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பாக வளர்ந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெண்களையே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்ததுதான் அதன் பலம். ஊர் வீடுகளுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே அந்தப் பெண்களே பாலமாக இருந்தார்கள்.

அது பொது மருத்துவம். மனநலத்திலும் இதே வழி பலன் தந்திருக்கிறது. கோவாவில் 'சங்கத்' என்ற அமைப்பு, மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மனச்சோர்வுக்கும் குடிப்பிரச்னைக்கும் ஆலோசனை தர வைத்தது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் அதன் நிறுவனர்களில் ஒருவர். பலன் கிடைத்ததை 'லான்செட்' இதழில் வந்த ஆய்வுகள் காட்டின.

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வாசலில் ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்து பாட்டி காது கொடுத்துக் கேட்பார். சிக்கலான கேஸ் என்றால் மேலே அனுப்புவார். 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' என்ற இந்த முறையில் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்ததாக 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது.

ஊர் நம்பும் ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது, பெரிய சிக்கலை மட்டும் நிபுணரிடம் அனுப்புவது என்ற அடிப்படை இங்கெல்லாம் ஒன்றுதான். வெள்ளிமலையில் தொடங்கும் தனியார் தெரபிஸ்டுக்கும் இதுவே பொருந்தும்.

கமிஷன் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. 'ஒரு பேஷன்ட் அனுப்பினா இவ்வளவு' என்ற கணக்கு ஸ்கேன் சென்டர்கள் விஷயத்தில் பலரும் கேள்விப்பட்டதுதான். 2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியை அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தவறு. நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அனுப்புபவருக்குக் காசு வருகிறது என்று ஊருக்குத் தெரிந்த அன்றே அவர் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். இந்தத் தொடர்பு நிற்பதே அந்த மதிப்பின் மேல்தான்.

ரகசியம் காப்பது எப்படி?

சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 2017 சட்டத்தின் 23-வது பிரிவு, மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. ஆகவே 'நல்லெண்ண' வாட்ஸ்அப் குரூப்பில் பெயரும் போட்டோவும் போட்டு 'இவங்களைப் பாருங்க' என்று அனுப்பவே கூடாது.

அனுப்புவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் சம்மதம் கேட்கணும். அவருக்குத் தேவையானதை மட்டும் எழுதணும். 'மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு குறைந்திருக்கிறது, தைராய்டு பார்க்கவில்லை, பரிசோதித்துச் சொல்லவும்' என்று இரண்டு வரி போதும். மாமியாரோடு என்ன சண்டை என்பது டாக்டருக்குப் போகும் சீட்டில் வர வேண்டியதில்லை.

அதேபோல், அனுப்பி வைத்த செவிலியரோ ஆசிரியரோ 'என்ன ஆச்சு?' என்று கேட்பது இயல்பு. பதிலே வரவில்லை என்றால் அடுத்த முறை அனுப்ப மாட்டார்கள். பல இடங்களில் தொடர்பு அறுந்துபோவது இங்கேதான். வந்தவரின் சம்மதத்தோடு 'வந்தார், பார்த்துக்கொண்டிருக்கிறோம், நன்றி' என்று மட்டும் சொன்னால் போதும். உள்ளே பேசியதைச் சொல்ல வேண்டாம்.

சில இடங்களில் இந்த ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். இதை ஆசிரியர், காப்பாளர், தெரபிஸ்ட் எல்லோருமே முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

1. பட்டியல் போடுங்கள். அரசு மனநல மருத்துவர், பொது மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குடிநோய் சிகிச்சை மையம், குழந்தைகள் நலக் குழு, இலவச சட்ட உதவி மையம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஆகியவற்றின் முகவரி, போன், வேலை நாட்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கணும்.
2. நேரில் போங்கள். விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு வருவதால் பெரிதாக எதுவும் நடக்காது. 'உங்களிடம் வருபவர்களில் யாருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் கவனியுங்கள்.
3. எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'எல்லாமே பார்ப்பேன்' என்பவரை எந்த மருத்துவரும் நம்ப மாட்டார்.
4. கட்டணத்தை மறைக்காதீர்கள். மலையிலிருந்து வருபவருக்கு பஸ் செலவு, கூலி இழப்பு எல்லாம் கட்டணத்தின் மேல்தான் ஏறும். வாரத்தில் சில நேரங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கலாம். சந்தை நாளிலேயே நேரம் கொடுத்தால் தனியாக ஒரு பயணம் மிச்சம்.
5. போன் ஆலோசனையை முழுசாக நம்பாதீர்கள். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. ஒரே அறை வீட்டில் எல்லோரும் கேட்க மனம்விட்டுப் பேசவும் முடியாது.
6. திரும்பத் திரும்பப் போங்கள். செவிலியரும் ஆசிரியரும் இடமாறுதல் ஆவார்கள். போன வருடம் ஏற்படுத்திய தொடர்பு இந்த வருடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மக்கள் எப்படிச் சரிபார்ப்பது?

ஒருவர் உங்களை ஒரு தெரபிஸ்டிடம் அனுப்பினால், தயங்காமல் கேளுங்கள். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. வெறும் 'கவுன்சலிங்' என்ற பெயரில் சில நாள் பயிற்சி முடித்தவர்களும் போர்டு மாட்டுகிறார்கள். 'முழுசாக் குணப்படுத்திடுவேன்' என்று உத்தரவாதம் தருபவரையும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரையும், அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்பவரையும் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தெரபிஸ்ட் யாரும் பக்கத்தில் இல்லையென்றாலும் உதவி இருக்கிறது. மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவையாக இயங்கும் இந்த எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். மாநில அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. சென்னையில் உள்ள சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. இந்த எண்களை உங்கள் ஊர்ச் செவிலியர், ஆசிரியர், மருந்துக்கடைக்காரர் போனிலும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.